பள்ளிக் கஞ்சிக்கு வைத்த அரிசி

பிறை தெரிந்தால் நாளைக்கு நோன்பு. தெரியாவிட்டால் நாளை மறுநாள். எது எப்படியானாலும் முதல் நோன்பன்று புதுநகரம் பள்ளிவாசலுக்குப் போகிற கஞ்சி காசிம் ராவுத்தர் வீட்டுக் கஞ்சி. அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அப்படித்தான்.

அந்தக் கஞ்சியை இருபது வருஷமாக வைத்து வந்தவள் அவர் மனைவி ஜெய்னம்பு. இந்த வருஷம் அதை வைக்கப்போகிறவள் ராவியத்து. காசிம் ராவுத்தரின் தம்பி சிக்கந்தர் இரண்டு மாதத்துக்கு முன் கம்பத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்.

"முதல் கஞ்சிய இந்த வாட்டி ராவியத்து வெக்கட்டுமேண்ணே" என்று சிக்கந்தர் முந்தின நாள் சாப்பிடும்போது கேட்டதையும், காசிம் ராவுத்தர் தயிரைப் பிசைந்துகொண்டே "அதுக்கென்ன" என்று ஒப்புக்கொண்டதையும், ஜெய்னம்பு அகப்பையைக் கீழே வைக்காமல் "வெக்கட்டுமுங்க" என்றதையும் சென்ற வாரம் பார்த்தோம்.

சொல்லிவிட்டாளே தவிர, அந்தச் சொல்லுக்கு அவள் மனசு இணங்கவில்லை.

பிறை பார்க்கிற அன்று காலையில் வீடு பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. தொழுகைப் பாய்கள் வாய்க்காலில் துவைத்து உலர்த்திச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. கிணற்றுக்குப் புதுக் கயிறு. போன ரமலானில் விட்டுப்போன நோன்புகளை ஜெய்னம்பு ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசி நோன்பையும் போன வாரம் முடித்திருந்தாள். வருகிற மாதத்துக்கு முன்னால் பழைய பாக்கி எதுவும் நிற்கக் கூடாது என்பதில் அவள் கண்டிப்பானவள்.

எல்லாம் தயார். அவள் மனசு மட்டும் முறுக்கிய கயிறு மாதிரி கிடந்தது.

ஏலக்காய் வியாபாரத்துக்குச் சந்தைக்குப் புறப்பட்ட சிக்கந்தர் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தான். ஜெய்னம்பு ஆப்பத்தை அவன் தட்டில் வைத்தாள். அவள் இந்த வீட்டுக்கு மணமகளாக வந்தபோது அவன் சின்னப் பையன். அதே வருஷம் மாமியார் காலமானாள். அதற்குப் பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டதும், காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்ததும், முதல் நோன்பு பிடித்த அன்று மத்தியானம் சுருண்டு படுத்தவனை மடியில் போட்டு விசிறியதும் ஜெய்னம்புதான். அவள் பெற்ற இரண்டு பெண்களும் அதற்கப்புறம் வந்தவர்கள். இப்போது கல்யாணமாகிப் போய்விட்டார்கள்.

"மதினி, ஒண்ணு சொல்லோணும்" என்றான் சிக்கந்தர்.

"சொல்லு."

"இனி விடியறதுக்கு முந்தி சகர் சாப்பாட்டுக்கு ராவியத்து எழுப்பட்டும். நீங்களும் எத்தனை வருசந்தான் எழுப்புவீங்க. கொஞ்சம் படுத்துத் தூங்குங்க."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அவள் மேல் இருந்த பிரியத்தில்தான் சொன்னான். அது ஜெய்னம்புவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்த ஆப்பம் அவள் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது.

"சரி" என்றாள். "இன்னொண்ணு வெக்கட்டுமா?"

"வேண்டாமுங்க மதினி. போதும்."

அடுப்படிக்குள்ளிருந்து ராவியத்து எட்டிப் பார்த்தாள். "இன்னொண்ணு வாங்கிக்கங்க. மத்தியானம் சந்தையில எப்பச் சாப்பிடுவீகளோ" என்றாள்.

சிக்கந்தர் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினான்.

ஜெய்னம்பு அந்த ஆப்பத்தையும் தன் கையாலேயே வைத்தாள்.

*

தை மாதத்துக் காற்று கணவாய் வழியாக விடாமல் வீசிக்கொண்டிருந்தது. பொள்ளாச்சிக்கு ரயில் பாதை போட மண் கொட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. காற்றில் செம்மண் புழுதியும் சேர்ந்து வந்தது.

ராவியத்து விடியற்காலையிலேயே கஞ்சிக்கான அரிசியைக் களைந்து, கொல்லையில் பாய்களை விரித்து உலர்த்தியிருந்தாள். காற்று பாயைப் புரட்டாதபடி மூலைக்கு மூலை கல் வைத்திருந்தாள். அரிசி உலர்ந்ததும் உரலில் இட்டு நொய்யாக உடைக்க வேண்டும். ஊரே நோன்பு திறக்கிற கஞ்சிக்கு வேண்டிய அரிசி. கொஞ்சமா என்ன?

ஜெய்னம்பு கிணற்றடியில் கஞ்சிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ராவியத்து பாய்ப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"அக்கா, வெந்தயத்தை வறுத்துட்டு வந்துர்றேன். சித்த அரிசியப் பாத்துக்கிறீகளா?"

"ம்" என்றாள் ஜெய்னம்பு, தலை நிமிராமல்.

ராவியத்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வெந்தயம் வறுபடுகிற வாசனை வந்தது. நல்ல பதம். கருகாமல், பச்சை வாடையும் போய். இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு அந்தப் பதம் எப்படித் தெரிந்தது என்று ஜெய்னம்புவுக்கு எரிந்தது.

காற்று ஒரு வீச்சு வீசியது. கொல்லைப் படல் கட்டு அவிழ்ந்து திறந்துகொண்டது.

முதலில் ஒரு வெள்ளாடு தலையை நீட்டியது. பக்கத்துக் காட்டில் மேய்கிற கந்தப்பனின் ஆடு. அது உள்ளே ஒரு அடி வைத்து, ஜெய்னம்புவைப் பார்த்தது. விரட்டுவாளோ என்று காத்து நின்றது போல இருந்தது.

ஒரு 'சூ' போதும். கையில் இருந்த கோப்பையைத் தட்டியிருந்தால்கூடப் போதும்.

ஜெய்னம்பு திரும்பிக்கொண்டாள். வாளியைக் கிணற்றில் இறக்கினாள். நீர் மொண்டு தொட்டியில் ஊற்றினாள். மறுபடியும் இறக்கினாள். தொட்டி நிறைந்து வழிந்தது. அவள் இறைத்துக்கொண்டே இருந்தாள். முதுகுக்குப் பின்னால் குளம்புச் சத்தம் ஒன்று, இரண்டு, பல ஆயிற்று. பாய் நெரிபடுகிற சத்தம். மெல்லுகிற சத்தம்.

தான் எதுவும் செய்யவில்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவள் எதுவுமே செய்யவில்லை.

*

கந்தப்பன் கம்போடு ஓடி வந்து ஆடுகளை விரட்டியபோது பாய்கள் இருந்த இடம் பார்க்கச் சகிக்கவில்லை. தின்றது பாதி. மிதித்து, புழுக்கை போட்டு, மூத்திரம் பெய்து வைத்தது மீதி. ஒரு பிடி அரிசிகூடத் தேறாது.

"படல் தொறந்து கெடந்துச்சுங்க. நான் கவனிக்கலீங்க" என்று கந்தப்பன் கையைப் பிசைந்தான்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் காசிம் ராவுத்தர் பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினாரோடு கொல்லைக்கு வந்தார். நாளைக்குக் கஞ்சி அண்டாவைத் தூக்கிப் போக எத்தனை ஆள் வேண்டும் என்று பார்க்க வந்தவர் மோதினார். பாயைப் பார்த்துவிட்டு அவர் பேசாமல் நின்றார். பேசாமல் நின்றதுதான் காசிம் ராவுத்தருக்கு அதிகமாகச் சுட்டது.

"அரிசிக்குக் காவல் யாரு?" என்று கேட்டார்.

ராவியத்து அடுப்படி வாசலில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். வெந்தயம் வறுத்த கரண்டி அவள் கையில் இருந்தது. அவள் ஜெய்னம்புவைப் பார்த்தாள்.

ஜெய்னம்பு காத்திருந்தாள். 'அக்காகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்' என்று இதோ சொல்லப் போகிறாள். சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட அவள் யோசித்து வைத்திருந்தாள். காதில் விழவில்லை, காற்று இரைச்சல்.

"நாந்தான் உள்ள போயிட்டேன்" என்றாள் ராவியத்து.

காசிம் ராவுத்தர் குரலை உயர்த்துகிற மனிதர் அல்ல. அன்றும் உயர்த்தவில்லை.

"பள்ளிக்கு வெச்ச அரிசிம்மா இது. வேலைக்குப் போறவன், கூலிக்காரன், வழிப்போக்கன் எல்லாரும் பட்டினியோட வந்து இந்தக் கஞ்சியிலதான் நோம்பு தொறக்கறான். மத்த காரியத்துல கவனம் தப்பலாம். இதுல தப்பலாமா?"

ராவியத்து தலை குனிந்தாள். மோதினார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேற அரிசி எடுத்துக்கலாமுங்க, பகல் இருக்குதல்லோ" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

குதிரிலிருந்து புதிதாக அரிசி எடுத்தார்கள். மறுபடி களைந்து, வேறு பாய் விரித்து, மறுபடி உலர்த்தினார்கள். இந்த முறை ராவியத்து பாயை விட்டு நகரவில்லை. ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு கொளுத்துகிற வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

ஜெய்னம்பு நிழலில் இருந்து அவளைப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை இவள்? அழுதிருந்தால், கத்தியிருந்தால், தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் மனசு ஆறியிருக்கும். பேசாமல் உட்கார்ந்திருக்கிறவளை என்ன செய்வது?

*

சிக்கந்தருக்குச் சேதி சந்தையிலேயே கிடைத்துவிட்டது. மோதினார் ஒரு ஆளிடம் சொல்ல, அந்த ஆள் நாலு பேரிடம் சொல்ல, கடையில் யாரோ சிரித்துக்கொண்டே, "உங்கூட்டுக் கஞ்சிய இந்த வருசம் ஆடு குடிச்சுப்போட்டுதாமே" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் முகம் கறுத்துப்போய் நேரே கொல்லைக்கு வந்தான்.

"துணிமணிய எடுத்துக் கட்டு" என்றான் ராவியத்துவிடம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டிக்கார வீரபாண்டி சாயங்காலம் பொள்ளாச்சிக்குப் போறான். அங்க உங்க மாமன் ஊட்டுல கொண்டுபோய் விட்டுட்டு, நாளைக்குப் பொழுது சாயறதுக்கு முந்தி நான் வந்து சேந்துடுவேன். நோம்பு மாசம் அங்கயே இரு. பெருநா கழியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"ஆடு அரிசி தின்னதுக்கா?" என்றாள் அவள் மெதுவாக.

"எங்கண்ணன் ஒருத்தர் முன்னாலயும் தலை குனிஞ்சதில்ல. இன்னிக்கு மோதினார் முன்னால குனிஞ்சு நின்னாரு. நான்தான் உனக்காகக் கேட்டு வாங்கினேன் இந்தக் கஞ்சிய. என்னை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பள்ளிக்குப் போகச் சொல்ற?"

அவன் போய்விட்டான்.

ஜெய்னம்பு இதையெல்லாம் அடுப்படி ஜன்னல் பக்கம் நின்று கேட்டாள். கேட்டதும் அவளுக்குள் ஒரு சந்தோஷம் குபீரென்று கிளம்பியது. ஒரு மாதம் முழுக்க இந்த வீடு பழையபடி. அவள் எழுப்ப அவன் எழுந்து வருவான். அவள் போட அவன் சாப்பிடுவான். கஞ்சி அவள் கஞ்சி.

அந்தச் சந்தோஷத்தை அவள் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். பிறகு பயந்துபோனாள். இருபது வயசு நிரம்பாத ஒரு பெண் ரமலான் மாதத்தில் மாமன் வீட்டு வாசலில் பெட்டியோடு இறங்குவதை நினைத்து மகிழ்கிற மனசா இது? இதை வைத்துக்கொண்டா நாளைக்கு நோன்பு பிடிக்கிறேன் என்று நிய்யத்து வைப்பது?

ஆனாலும் அவள் போய் உண்மையைச் சொல்லவில்லை. பயம் வந்தது, வாய் வரவில்லை.

*

அரிசி பின்னேரத்துக்குள் உலர்ந்துவிட்டது. அதுவரை சாபமாக இருந்த காற்று இப்போது உதவியது. இரண்டு பேரும் உரலின் இரு பக்கம் நின்று உலக்கை போட்டார்கள். ஒருத்தி உலக்கை இறங்கும்போது இன்னொருத்தி உலக்கை ஏற வேண்டும். பேச்சு இல்லாவிட்டாலும் கை ஒத்துப்போயிற்று.

அடுத்த வீட்டு பாத்துமுத்து அப்போதுதான் உள்ளே வந்தாள். நோன்புக்கு முந்தின நாள் தெருப் பெண்கள் வீடு வீடாகப் போய் ஒருவருக்கொருவர் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது வழக்கம். பாத்துமுத்து ஜெய்னம்புவைக் கட்டிப்பிடித்து, "அறிஞ்சும் அறியாமலும் எதாச்சும் பேசியிருந்தா பொறுத்துக்கோ ஜெய்னம்பு" என்றாள். ராவியத்துவிடமும் அப்படியே சொன்னாள். போகிற போக்கில், "நீங்க ரெண்டு பேரும் கேட்டாச்சா? ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு மறந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.



ஜெய்னம்புதான் முதலில் பேசினாள். உலக்கையை நிறுத்தாமலே, யாருக்கோ சொல்வதைப் போல.

"அறிஞ்சும் அறியாமலும் நான் எதாச்சும் செஞ்சிருந்தா பொறுத்துக்க, ராவியத்து."

ராவியத்துவின் உலக்கை நின்றது.

"அறியாமச் செஞ்சதை எல்லாம் பொறுத்துட்டேன்க்கா" என்றாள். "அறிஞ்சு செஞ்சது என்னன்னு சொல்லுங்க. அதையும் பொறுக்கலாமான்னு பாக்கேன்."

ஜெய்னம்புவின் கை வழுக்கியது. உலக்கை உரல் விளிம்பில் இடித்துக்கொண்டது.

"நீ பாத்தியா?"

"பாத்தேன். அடுப்படி ஜன்னல்லருந்து."

"அப்பறம் ஏன் அவருகிட்டச் சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா? இருபது வருஷமா கஞ்சி வெச்ச கை ஒங்களுது. நான் நேத்து வந்தவ. ஆட்டை விரட்டாமப் பாத்துக்கிட்டு நின்னாகன்னு நான் சொன்னா, அரிசியத் தின்னதோட அக்கா பேரையும் தின்னுட்டான்னு ஊர் சொல்லும்."

ஜெய்னம்பு உரல் விளிம்பில் சிதறிய நொய்யை உள்ளே தள்ளினாள்.

"இனியும் சொல்ல மாட்டேன்க்கா. வண்டி வந்தா ஏறிப் போயிருவேன்" என்றாள் ராவியத்து. "ஆனா பொறுத்துட்டேன்னு மட்டும் என்னயச் சொல்லச் சொல்லாதீக. வாய்க்கு வருது, மனசுக்கு வரல. பொய்ச் சொல்லா ஒங்களுக்குக் குடுக்க எனக்கு இஷ்டமில்ல."

அவள் உலக்கையை எடுத்து மறுபடி இடிக்கத் தொடங்கினாள். ஜெய்னம்பு சேர்ந்து இடிக்கவில்லை. அப்படியே நின்றாள்.

சின்ன வயசில் ஓதிக்கொடுத்த லெப்பை சொன்னது அவள் நினைவில் வந்தது. படைத்தவனுக்குச் செய்த குறையைப் படைத்தவனிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒரு மனுஷிக்குச் செய்ததை அந்த மனுஷிதான் பொறுக்க வேண்டும். அவள் பொறுக்காதவரை எத்தனை நோன்பு பிடித்தாலும் அது அப்படியே நிற்கும்.

விட்டுப்போன நோன்பையெல்லாம் எவ்வளவு கவனமாகப் பிடித்து முடித்தோம் என்று அவளுக்கு இன்று காலை வரை பெருமையாக இருந்தது.

*

வெயில் சாய்ந்தது. வீரபாண்டியின் வண்டி வாசலில் வந்து நின்றது. சிக்கந்தர் தகரப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். காசிம் ராவுத்தர் பள்ளிக்குப் புறப்பட்டுத் தொப்பியோடு நின்றார். தம்பியின் முடிவு அவருக்கும் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நுழைய அவர் தயங்கினார்.

ராவியத்து படி இறங்கினாள்.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள் ஜெய்னம்பு.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீரபாண்டி நிலைமை புரிந்தவனாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் தள்ளிப் போனான்.

"அவ அரிசிய விட்டுட்டுப் போகல. என்கிட்டப் பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் உள்ள போனா" என்றாள் ஜெய்னம்பு.

காசிம் ராவுத்தர் நெற்றியைச் சுருக்கினார். "நீ கொஞ்சம் கண்ணசந்துட்டியாக்கும்? விடியாலயே எந்திரிச்சு வேலை செஞ்சிருக்கற. அதைச் சொல்றதுக்கென்ன?"

அவர் ஒரு வழி திறந்து கொடுத்தார். அதில் நுழைந்து வெளியே போய்விடலாம். ஆமாம், கண்ணசந்துவிட்டேன் என்று ஒரு சொல்.

"இல்லீங்க. நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆடு உள்ள வந்ததைப் பாத்தேன். வெரட்டல. திரும்பி நின்னு தண்ணி எறைச்சேன்."

"எதுக்கு?"

புருஷன் முன்னால், வளர்த்த பிள்ளை முன்னால், வந்தவள் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது.

"பொறாமைங்க" என்றாள்.

சிக்கந்தர் அவளை இதுவரை பார்த்தே இராதவன் போலப் பார்த்தான். அந்தப் பார்வைதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"மதினி, நீங்களா?" என்றான்.

"நானேதான்."

ராவியத்து படியிலேயே நின்றிருந்தாள். முக்காட்டுத் துணியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு ஜெய்னம்புவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்க்கா" என்றாள். சொன்னது அக்காவிடம், கேட்டது எல்லோரும்.

"ஆடு வந்ததை நானும் பாத்தேன்னு சொன்னேன்ல. அப்பவே ஓடியாந்திருந்தா முக்கால்வாசி அரிசி தப்பிச்சிருக்கும். நான் வரல. நீங்க என்ன செய்றீகன்னு பாக்கணும்னு நின்னேன். செய்யட்டும், அக்கா எப்படின்னு எல்லாருக்கும் ஒரு நாள் தெரியட்டும்னு நெனச்சேன். வெந்தயம் எப்பவோ வறுபட்டிருச்சு. வெறுங்கரண்டியக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"உனக்கென்னடி குறை?" என்றாள் ஜெய்னம்பு. அவளால் நம்ப முடியவில்லை.

"நான் கொழம்பு வெச்சா இவக, மதினி வெச்ச மாதிரி இல்லங்காக. சட்டை துவைச்சா மதினி துவைச்ச மாதிரி வெளுக்கலங்காக. தலைவலின்னாக்கூட மதினி பத்துப் போட்டா நிக்கும்ங்காக. இந்த ஊட்டுல ஒங்களுது இல்லாத எடம் எனக்கு எங்க இருக்கு? கஞ்சிய எனக்கு வாங்கிக் குடுங்கன்னு நாந்தான் இவக காதுல ஓதினேன்."

சிக்கந்தர் தலை குனிந்தான். தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இந்த வீட்டில் எங்கே போய் விழுந்தது என்று அவனுக்கு இன்றுதான் தெரிந்தது.

காசிம் ராவுத்தர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, ஊதி, மறுபடி வைத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் ஒருத்தி நின்னு பாத்திருக்கா, அந்தப் பக்கம் ஒருத்தி நின்னு பாத்திருக்கா. அரிசியப் பாக்கத்தான் ஆளில்ல" என்றார். அதில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று சொல்ல முடியாது. "பொட்டிய எறக்குடா சிக்கந்தர்."

"இப்பச் சொல்றேன்க்கா" என்றாள் ராவியத்து. "பொறுத்துட்டேன். நீங்க?"

ஜெய்னம்பு அவள் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ராவியத்துவின் உள்ளங்கை முழுக்க உலக்கை போட்ட கொப்புளம்.

*

காசிம் ராவுத்தர் பள்ளிக்கு நடந்தார். வீரபாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். ராவியத்து நொய்யைப் புடைக்க உள்ளே போனாள்.

சிக்கந்தர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"தொழுகைக்கு நேரமாகல?" என்றாள் ஜெய்னம்பு. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"போறேன். அதுக்கு முந்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும் மதினி. நீங்க எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. நான் மட்டும் மறைச்சுக்கிட்டு நிக்கறது எனக்குச் சரியாப் படல."

"என்ன?"

"கம்பத்துக்கு மேல மலையில, வண்டன்மேட்டுல ஒரு ஊடு பாத்து வெச்சிருக்கேன். ஏலக்காய் ஏவாரம் இனி இங்க இருந்துக்கிட்டு நடத்த முடியாது. அங்க ஆள் இருக்கோணும். பெருநா கழிஞ்சதும் நானும் அவளும் அங்கயே குடி போறோம்."

ஜெய்னம்பு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அவ கேட்டான்னுதான் கஞ்சியக் கேட்டேன்னு அவ நெனைச்சுக்கிட்டிருக்கா. அதில்ல. அடுத்த நோம்புக்கு நாங்க இங்க இருக்க மாட்டோம். நம்மூட்டுக் கஞ்சிய ஒரு வருசமாச்சும் என் பெண்டாட்டி கையால பள்ளிக்குக் குடுத்துட்டுப் போகோணும்னு இருந்துச்சு. சகருக்கு எழுப்பற காரியமும் அப்படித்தான். உங்களுக்கு இப்பவே பழகட்டும்னு பாத்தேன். எனக்கும் பழகோணுமல்லோ."

இதற்கா அவள் காலையிலிருந்து வெந்தாள்? தன்னிடமிருந்து பிடுங்குகிறான் என்று நினைத்தாளே, அவன் விடைபெற்றுக்கொண்டிருந்தான்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"இல்ல. தெரிஞ்சா தாங்க மாட்டாரு. எப்படிச் சொல்றதுன்னும் எனக்குத் தெரியல."

"ராவியத்துக்கு?"

"அவளுக்கும் சொல்லல. அவளுக்கு அந்த மலை ஆகாது. குளிருக்கு மூச்சு இழுக்குமாம். சின்னதுலயிருந்தே அவ அத்தா அவளை மலை ஏத்தினதில்லையாம். சொன்னா வரமாட்டேன்னு சொல்லிடுவாளோன்னு பயமா இருக்கு. மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்றேன்."

அவன் போய்விட்டான். பாங்கு சொல்லும் குரல் காற்றில் விட்டு விட்டு வந்தது. ஜெய்னம்பு கை கால் கழுவி ஒழுச் செய்து தொழுதாள். என்ன ஓதினாள் என்று அவளுக்கே தெரியாது.

தொழுகைப் பாயிலிருந்து எழும்போது பள்ளியில் நகரா முரசு அடிக்கிற சத்தம் கேட்டது. தெருவில் பிள்ளைகள் "பிறை, பிறை" என்று ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் காசிம் ராவுத்தரும் சிக்கந்தரும் சேர்ந்து உள்ளே வந்தார்கள்.

காசிம் ராவுத்தரின் முகம் தெளிந்திருந்தது. புடைத்து வைத்த நொய்யை ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"நல்லா இருக்குது. ஒரு காரியம் செய்ங்க. இனி வருசா வருசம் ரெண்டு பேரும் சேந்தே வெச்சிருங்க. எனக்கும் பஞ்சாயத்து மிச்சம்."

ராவியத்து ஜெய்னம்புவின் தோளோடு ஒட்டி நின்று, அவள் காதில் மட்டும் கேட்கும்படி, "வெக்கிறோம்னு சொல்லுங்கக்கா" என்றாள். அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஜெய்னம்பு அவள் குரலில் கேட்காத சிரிப்பு.

பாவம், இவளுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த எண்ணத்தின் அடியிலிருந்து இன்னொன்று எட்டிப் பார்த்தது. பெண்டாட்டிக்குச் சொல்லாததை அவன் என்னிடம் சொல்லியிருக்கிறான். முதலில் என்னிடம். அது நாக்கின் நுனியில் சின்னதாக இனித்தது. ஜெய்னம்புவுக்கு அந்த இனிப்பை அடையாளம் தெரிந்தது. காலையில் கிணற்றடியில் திரும்பி நின்றபோது இருந்ததும் இதுதான்.

ராவியத்துவின் கை இன்னும் அவள் கைக்குள் இருந்தது.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார் காசிம் ராவுத்தர்.

ஜெய்னம்பு பதில் சொல்ல வாயெடுத்தாள். சிக்கந்தர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.